நீரில் தள்ளிவிட்டால் நீச்சல் வருமா?

ஜூன் மாதம் பிறந்து பள்ளிகள் திறந்துவிட்டால், ஆசிரியர் ஓய்வறைகளில் ஒரு வாசகம் தவறாமல் ஒலிக்கும். புதிதாகப் பணியில் சேர்ந்தவர் தயங்கித் தயங்கி ஏதோ ஒரு ஐயத்தைக் கேட்பார். மூத்தவர் ஒருவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாம் போகப் போகத் தெரிஞ்சுடும் தம்பி. தண்ணியில தள்ளிவிட்டா நீச்சல் தானா வரும்" என்பார். அறையிலுள்ளோர் சிரிப்பர். கேட்டவரும் உடன் சிரித்துவிட்டு வகுப்புக்குப் போவார். அவருடைய ஐயம் தீராமல் அப்படியே இருக்கும்.

இந்த வாசகம் நீச்சலைப் பற்றியே பொய் சொல்கிறது என்பதை முதலில் குறிப்பிட வேண்டும். நம் ஊர்க் கிணறுகளில் எவரும் பிள்ளைகளுக்கு அவ்வாறு நீச்சல் கற்றுக்கொடுத்ததில்லை. இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி, படிக்கட்டில் ஒருவர் நின்று, நீரில் ஒருவர் முன்னே நீந்தி, கை கால் அசைவு பழகியபின் குடுக்கையை அவிழ்ப்பதே வழக்கம். தள்ளிவிட்டு வேடிக்கை பார்த்தவரை ஊர் ஏசியிருக்கும். பள்ளிக்கூடத்தில் மட்டும் அது அனுபவ மொழியாகக் கொண்டாடப்படுகிறது. இங்கே தள்ளிவிடப்படுபவர் ஒருவர் அல்லர் என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். புதிய ஆசிரியரோடு அவருடைய வகுப்பிலுள்ள முப்பது நாற்பது பிள்ளைகளும் சேர்ந்தே நீரில் விழுகின்றனர்.

முதல் நாளன்று என்ன நிகழ்கிறது என்று பார்ப்போம். நியமன ஆணையோடு வருபவரிடம் பணியேற்பு அறிக்கை எழுதி வாங்கப்படுகிறது. வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் ஏறுகிறது. கால அட்டவணையில் எவரும் விரும்பாது ஒதுக்கிய பாடவேளைகளும், மற்றவர்கள் 'அடங்காத பிரிவு' என்று பெயர் வைத்துக் கைகழுவிய வகுப்பும் அவருக்கென்று காத்திருக்கின்றன. ஒரு பாடநூலும் இரண்டு சுண்ணக்கட்டிகளும் கையில் தரப்படுகின்றன. அந்தப் பிள்ளைகள் எந்தெந்தத் தெருவிலிருந்து வருகின்றனர், சென்ற ஆண்டு எதுவரை படித்தனர், எவருக்கு வாசிக்க வராது, எந்தப் பிள்ளையின் வீட்டில் துன்பம் நிகழ்ந்தது, எந்தச் சொல்லைச் சொன்னால் அந்த ஊரில் மனம் புண்படும் என்பனவற்றில் ஒன்றையும் எவரும் சொல்வதில்லை. கணினி தெரிந்த இளையவர் என்பதால், மாணவர் விவரங்களை இணையத்தில் பதிவேற்றும் வேலை மட்டும் அன்று மாலையே அவர் தலையில் வந்து விழுகிறது.

அரசுப் பணியில் தகுதிகாண் பருவம் என்று ஒன்று உண்டு. பெயர் அழகானது. ஒருவர் அப்பணிக்குத் தகுதியுடையவராக உருவாகிறாரா என்று கண்டு, உருவாகத் துணைநின்று, பின் நிலைப்படுத்தும் காலம் என்றே அதற்குப் பொருள் கொள்ளத் தோன்றும். நடைமுறையிலோ அக்காலம் முழுவதும் நடப்பது, சான்றிதழ்களின் உண்மைத்தன்மையைக் கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் தேர்வுத்துறைக்கும் கடிதம் எழுதிக் காத்திருப்பது. தாள் உண்மையானதா என்று துருவித் துருவி ஆராயும் அமைப்பு, தாளுக்குரியவர் வகுப்பில் எவ்வாறு நிற்கிறார் என்று ஒருநாளும் கேட்பதில்லை. அவர் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகாமல் நாள்களைக் கடத்திவிட்டால் 'தகுதி' வந்துவிட்டதாகக் கோப்பு சொல்லிவிடும்.

இலக்கியம் பேசுவோருக்கு இதில் என்ன வேலை என்று சில அன்பர்கள் வினவக்கூடும். வேலை உண்டு. நாளைய வாசகர் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு பள்ளியில், ஏதோ ஒரு தமிழாசிரியரின் வகுப்பில் இன்று அமர்ந்திருக்கிறார். அந்த ஆசிரியர் தம் முதலாண்டில் அச்சத்தாலும் களைப்பாலும் செய்யுளை உரைநூலிலிருந்து எழுதிப்போடக் கற்றுக்கொண்டுவிட்டால், பிறகு முப்பது ஆண்டும் அதையே செய்வார். தமிழ் நூல்களுக்கு வாசகர் இல்லை என்று வருந்துவோர், அந்த வாசகர் தொலைந்த இடத்தையும் சற்று எட்டிப் பார்க்கலாம்.

மேலும், இப்பொருளைப் பற்றிப் பேச நாம் அயலாரிடம் கடன் வாங்க வேண்டியதில்லை. நன்னூலின் பொதுப்பாயிரம் நூல், ஆசிரியன், பாடஞ்சொல்லல், மாணாக்கன், பாடங்கேட்டல் என்று ஐந்தாக வகுத்துப் பேசுகிறது. பாடம் சொல்வதைத் தனியே கற்றறிய வேண்டிய ஒரு வினையாகப் பவணந்தியார் கண்டிருக்கிறார் என்பது இதனால் விளங்கும். அங்கே ஒரு கணக்கும் வருகிறது. ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு செம்மையாகக் கேட்டாலும் புலமையில் காற்பங்குதான் கைவரும். உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு வரும். மீதி அரைப்பங்கு, பிறர்க்குத் தாம் பாடம் சொல்லும்போதே வரும் என்பது அதன் கருத்து.

இக்கணக்கைப் புதிய ஆசிரியர்மீது வைத்துப் பாருங்கள். பட்டமும் கல்வியியல் பட்டமும் பெற்று வருபவர் பாதிப் புலமையோடு வருகிறார். இது குறை அன்று. அவ்வளவுதான் அதுவரை வர முடியும். மீதிப் பாதி இனிமேல் வகுப்பறையில் விளைய வேண்டியது. அப்படியானால் பணியின் முதல் ஓரிரு ஆண்டுகளும் ஆசிரியர் கல்வியின் பாகமே ஆகும். நியமன ஆணை தந்த அன்றே கல்வி முடிந்ததாகக் கருதுவோர், பாதி வெந்த சோற்றை இலையில் இட்டுவிட்டு, வேகவில்லையே என்று அரிசியைக் குறை சொல்கின்றனர்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்கள் மூன்று. ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, "பி.எட். படித்துத்தானே வருகிறார்கள்?" என்பது. 2014ஆம் ஆண்டின் தேசிய ஆசிரியர் கல்விக் குழும விதிகளால் பி.எட். படிப்பு ஈராண்டாக்கப்பட்டது, பள்ளியில் களப்பயிற்சி இருபது வாரம் என்றும் வகுக்கப்பட்டது. வரவேற்கத்தக்க மாற்றம்தான். ஆயினும் பயிற்சி மாணவர் நிற்பது இன்னொருவரின் வகுப்பில். அங்கே பெற்றோரைச் சந்திப்பதும், தேர்வு முடிவுக்கு விடை சொல்வதும், ஆண்டு முழுவதும் அதே பிள்ளைகளோடு வாழ்வதும் அவர் பொறுப்பல்ல. பல பள்ளிகளில் விடுப்பில் சென்ற ஆசிரியரின் வகுப்பை அடக்கி வைக்கும் ஆளாகவே அவர் பயன்படுத்தப்படுகிறார். மருத்துவப் படிப்பைக் கவனியுங்கள். தேர்வுகள் யாவற்றிலும் தேறிய பின்னும் மாணவர் ஓராண்டு பயிற்சி மருத்துவராக மூத்தோர் மேற்பார்வையில் பணியாற்றியாக வேண்டும். அவர் அறிவை எவரும் ஐயுறுவதில்லை. நோயாளியின் உயிரை மதிக்கிறார்கள், அவ்வளவே. இளம் வழக்கறிஞர் ஒரு மூத்தவரின் அலுவலகத்தில் கட்டுகளைச் சுமந்து பழகுகிறார். நாகசுரம் பயில்பவர் குருவின் பக்கத்தில் அமர்ந்து கூட வாசித்த பின்னரே தனியே மேடை ஏறுகிறார். பிள்ளைகளின் அறிவு மட்டும்தான் எவர் கையிலும் சோதனைக்கு விடத்தக்க மலிவான பண்டமா?

இரண்டாவது, "பயிற்சி கொடுக்கத்தானே செய்கிறோம்?" என்பது. ஆம், கொடுக்கிறார்கள். மாவட்டத் தலைநகரில் ஒரு மண்டபம், சில நாள், காலையில் தேநீர், மாலையில் சான்றிதழ். அங்கே சொல்லப்படுவன யாவும் பயனற்றவை என்று நாம் கூறவில்லை. விடுப்பு விதிகளையும் பதிவேடுகளையும் ஒருவர் எங்கேனும் அறிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் புதியவருக்குத் தேவைப்படும் உதவி ஆகஸ்டு மாதத்து ஒரு புதன்கிழமையன்று, நான்காம் பாடவேளையில், பின்வரிசைப் பிள்ளைகள் எதையும் கேளாதபோது தேவைப்படுவது. அப்போது மண்டபத்தில் உரையாற்றியவர் அங்கே இருக்க மாட்டார். பக்கத்து வகுப்பு ஆசிரியர்தான் இருப்பார். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்கு 50 மணி நேரப் பணிசார் வளர்ச்சிப் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. மணிக்கணக்கு வந்துவிட்டால் மணிகளை நிரப்புவதே நோக்கமாகிவிடும் என்பது நம் அலுவலகங்களை அறிந்தவர்க்குச் சொல்லாமலே விளங்கும்.

இதில் நாம் பணியாற்றும் கல்லூரி உலகமும் விலக்கன்று. 1986ஆம் ஆண்டின் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து பல்கலைக்கழகங்களில் கல்விப் பணியாளர் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. புதிய விரிவுரையாளர்களுக்கு அறிமுகப் பயிற்சி வகுக்கப்பட்டது. நல்ல எண்ணம். அப்பயிற்சி பணி உயர்வோடு பிணைக்கப்பட்டதும் என்ன ஆயிற்று? பணியில் சேர்ந்து ஆண்டுகள் பல கழிந்து, பதவி உயர்வுக்குச் சான்றிதழ் வேண்டியபோது, தலையில் நரை விழுந்தவர்கள் 'அறிமுகம்' பெறச் சென்றனர். பள்ளிகளுக்கும் இதே வகைச் சான்றிதழ் பயிற்சி வந்துவிடக் கூடாது என்பதே நம் அச்சம்.

மூன்றாவது வாதம்தான் மிகவும் வலியது. "எங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நாங்கள் கற்றுக்கொள்ளவில்லையா?" என்பது. கற்றுக்கொண்டீர்கள், ஐயமில்லை. எத்தனை ஆண்டுகளில், எத்தனை வகுப்புப் பிள்ளைகளின் செலவில் என்பதே கேள்வி. தாம் பட்டதை அடுத்தவரும் பட வேண்டும் என்பது மாமியார் நீதி. அதைக் கல்வி நெறியாகக் கொள்ளுதல் தகாது. நன்னூலார் ஆசிரியராகத் தகாதவர்களுக்குச் சொல்லும் உவமைகளுள் ஒன்று மடற்பனை. கருக்குமட்டை சூழ்ந்த பனையில் எவரும் ஏற முடியாது. தானாக எப்போதாவது பழம் விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம். இளையவர் நெருங்க முடியாதபடி மட்டை விரித்து நிற்கும் மூத்த ஆசிரியரைக் காணும்போதெல்லாம் அப்பனையே நம் நினைவுக்கு வருகிறது.

தள்ளிவிடுவதன் விலை என்ன என்பதற்கு நாம் கேட்டறிந்த ஒன்றைச் சொல்வோம். நம்மிடம் முதுகலை பயின்ற ஒருவருக்குக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எல்லைப்புறத்தில் பணி கிடைத்தது. அவர் நெல்லைச் சீமைக்காரர். கலந்தாய்வில் மூத்தவர்கள் தத்தம் ஊருக்கருகே இடம் பெற்றுக்கொண்ட பின் எஞ்சும் தொலைவிடங்களே புதியவர்களுக்கு வாய்க்கின்றன. தென்மாவட்ட இளைஞர்கள் வடமாவட்டங்களுக்குச் செல்வது இதனால்தான். ஓசூர், தளிப் பகுதிகளில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் பலர். அவருடைய வகுப்பிலும் அத்தகையோரே மிகுதி. இதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. அவர் தம் ஊர் வேகத்தில், தம் ஊர்த் தமிழில் பாடம் நடத்தினார். பிள்ளைகள் வாய் திறக்கவில்லை. அம்மௌனத்தை அவர் அடங்காமை என்று கொண்டார். அவருடைய உரத்த குரலைப் பிள்ளைகள் சினம் என்று கொண்டனர். அரையாண்டுத் தேர்வு நெருங்கும்வரை இப்படியே சென்றது. ஒருநாள் சத்துணவு அமைப்பாளர் அம்மா, "சார், இதுங்க வீட்ல தமிழ் பேசாதுங்க, கொஞ்சம் மெல்லச் சொல்லுங்க" என்றாராம். அன்றுதான் அவருக்கு விளங்கியது. பள்ளியில் பல்லாண்டு பணியாற்றிய ஆசிரியர்கள் அங்கே இருந்தனர். முதல் நாளன்று கால் மணி நேரத்தில் சொல்லக்கூடியதைச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. சொல்வது எவருடைய கடமையும் அன்று.

எவருடைய கடமையும் அன்று என்பதே நோயின் வேர். பள்ளியில் மணியடிப்பவர் யார் என்று எழுதி வைத்திருக்கிறோம். குடிநீர்த் தொட்டியைக் கழுவுவது யார் பொறுப்பு என்று எழுதி வைத்திருக்கிறோம். புதிய ஆசிரியருக்குத் துணை யார் என்று எழுதி வைக்கவில்லை. இங்கிலாந்தில் 1999 முதல் புதிய ஆசிரியருக்கான அறிமுகக் காலம் சட்டப்படி நடைமுறையில் உள்ளது. 2021 செப்டம்பர் முதல் அது ஈராண்டு. முதலாண்டில் பாடவேளையில் பத்தில் ஒரு பங்கும், இரண்டாம் ஆண்டில் இருபதில் ஒரு பங்கும் குறைக்கப்படுகின்றன. பெயர் குறித்து ஒரு வழிகாட்டி அமர்த்தப்படுகிறார். சப்பானில் அரசுப் பள்ளிகளின் புதிய ஆசிரியர்களுக்கு 1989 முதல் ஓராண்டுப் பயிற்சி, பணியோடு சேர்த்தே அளிக்கப்படுகிறது. இந்நாடுகளில் குறைகள் இல்லை என்பதல்ல. புதியவருக்கு நேரம் வேண்டும், ஆள் வேண்டும் என்ற இரண்டை அவை சட்டத்தில் எழுதின. நாம் எழுதவில்லை.

அயல்நாட்டுச் சான்று வேண்டாம் என்போர் கும்பகோணம் செல்லலாம். 1880ஆம் ஆண்டு அங்குள்ள கல்லூரியில் தமிழ் கற்பித்துவந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றார். தம் இடத்துக்கு உ.வே. சாமிநாதையர் வர வேண்டும் என விரும்பினார். இருவரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர்கள். ஆனால் சாமிநாதையர் மடத்தில் பயின்றவர். ஆங்கில முறைக் கல்லூரி அவருக்குப் புதியது. வயதும் இருபத்தைந்தை ஒட்டியது. செட்டியார் பரிந்துரைத்ததோடு ஒதுங்கவில்லை. தாமே முன்னின்று அழைத்துச் சென்று கல்லூரியினருக்கு அறிமுகம் செய்துவைத்தார். இதனை 'என் சரித்திரம்' படித்தோர் அறிவர். அக்கும்பகோண ஆண்டுகளில்தான் சீவக சிந்தாமணிப் பதிப்புப் பணி தொடங்கி, 1887இல் நூல் வெளிவந்தது. இளையவரைக் கைப்பிடித்து வகுப்பறை வாயில்வரை அழைத்துச் செல்லும் பண்பு நமக்கு அந்நியமானதன்று. அது ஒரு நல்லவரின் குணமாக நின்றுவிட்டது. நிறுவனத்தின் வழக்கமாக மாறவில்லை.

ஆகவே நாம் வேண்டுவன சிலவே. புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் அதே பள்ளியில், இயன்றவரை அதே பாடத்தில், ஒரு மூத்த ஆசிரியர் துணையாகப் பெயர் குறித்து அமர்த்தப்பட வேண்டும். இருவர் கால அட்டவணையிலும் வாரத்துக்கு இரண்டு பாடவேளை இதற்கென ஒழிக்கப்பட வேண்டும். உணவு இடைவேளையில் பேசிக்கொள்ளுங்கள் என்பது ஏய்ப்பு. முதலில் புதியவர் மூத்தவரின் வகுப்பில் அமர்ந்து பார்க்க வேண்டும்; பிறகே மூத்தவர் புதியவரின் வகுப்புக்கு வர வேண்டும். முதல் வாரத்தில் ஊரையும் பெற்றோரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் அவருக்கு அறிமுகம் செய்ய வேண்டும். முதலாண்டில் கடினமான வகுப்பும் எழுத்து வேலைகளும் அவர்மேல் சுமத்தப்படலாகாது.

துணைவர் வேறு, ஆய்வாளர் வேறு என்பதில் உறுதி வேண்டும். துணைவர் கண்டது எதுவும் தகுதிகாண் பருவக் கோப்புக்குப் போகக் கூடாது. போகுமென்று தெரிந்தால் புதியவர் தம் குறையை மறைப்பார். மறைத்த குறைக்கு மருந்து இல்லை.

"ஈராசிரியர் பள்ளியில் துணைக்கு ஆளேது?" என்பர். நியாயமான கேள்வி. அதற்குத்தான் குறுவள மையங்களும் ஆசிரியர் பயிற்றுநர்களும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களும் உள்ளன. படிவங்களைத் திரட்டும் வேலையிலிருந்து பயிற்றுநர்களைச் சற்று விடுவித்தால், மாதம் இருமுறை அவர்கள் அப்பள்ளிக்குச் சென்று ஒரு நாள் முழுதும் உடனிருக்கலாம். அதே வட்டாரத்தில் ஓய்வு பெற்ற நல்லாசிரியர்கள் இருக்கின்றனர், அவர்களை அழைக்கலாம்.

தனியார் பள்ளிகளைப் பற்றி ஒரு சொல். அங்கே நிலைமை இன்னும் இரங்கத்தக்கது. சிலவிடங்களில் மூலச் சான்றிதழ்களை நிர்வாகம் வாங்கி வைத்துக்கொள்கிறது. பெற்றோர் ஒருவர் குறை சொன்னால் புதிய ஆசிரியையை அவர்கள் முன்பே கண்டிக்கிறது. ஏப்ரலில் அவர் விலகியதும் "இக்காலத்துப் பிள்ளைகள் நிலைத்து நிற்பதில்லை" என்கிறது. ஆண்டுதோறும் ஆசிரியர் மாறும் பள்ளியில் பிள்ளைகள் ஆண்டுதோறும் ஒரு முதலாண்டு ஆசிரியரிடமே படிக்கின்றனர். கட்டணம் செலுத்தும் பெற்றோர் கட்டடத்தையும் பேருந்தையும் பார்ப்பதோடு, ஆசிரியர்கள் எத்தனை ஆண்டு அங்கே தங்குகின்றனர் என்றும் கேட்டால் பல நிர்வாகங்கள் திருந்தும்.

அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதையும் கூறி முடிப்போம். தலைமையாசிரியர் ஒருவர் மனம் வைத்தால் தம் பள்ளியில் நாளையே ஒரு துணைவரைக் குறிக்கலாம். இரண்டு பாடவேளையை ஒழித்துத் தரலாம். அதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை. அதற்கும் வழியில்லாத இடத்தில், ஓய்வறையில் அமர்ந்திருக்கும் மூத்தவரிடம் நாம் கேட்பது சிறிது. அடுத்த ஜூனில் ஓர் இளையவர் தயங்கித் தயங்கி வந்து ஐயம் கேட்கும்போது நீச்சல் கதையைச் சொல்லாதீர்கள், ஐயா. "நாலாவது பீரியட் எனக்கு ஓய்வுதான், என் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன், வாருங்கள்" என்று சொல்லுங்கள்.